மரவள்ளி மாவில் பை செய்தால் மண்ணில் மக்குமா?

ஒரு வாசகரின் கேள்வி:

"எங்கள் பக்கம் மரவள்ளி விலை விழுந்து கிடக்கிறது. அந்த மாவிலேயே பிளாஸ்டிக் பை செய்யலாமாம், வீடியோவில் பார்த்தேன். ஒருத்தர் பையைச் சுடுதண்ணீரில் கரைத்துக் குடித்தே காட்டுகிறார். செடியிலிருந்து வந்தது மண்ணில் மக்காமல் எங்கே போகும்? சேலம், நாமக்கல்லில் இத்தனை சேகோ ஆலை இருக்கும்போது நாம் ஏன் இன்னும் ஜவ்வரிசியையே பிடித்துத் தொங்குகிறோம்?"

11 ஜூன் 2023

மாவில் பை வரும். நானே அடுப்படியில் செய்திருக்கிறேன். ஆத்தூர் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போடுகிறார். அப்பா இருபது வருஷம் சேகோ ஆலையில் களத்து வேலை பார்த்தவர். இந்த மாவு வாசத்தில்தான் வளர்ந்தேன்.

ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, அதே கரண்டியில் நாலு தண்ணீர், மருந்துக்கடை கிளிசரின் ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி. கட்டியில்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். பால் மாதிரி வெளுத்துக் கிடப்பது 65, 70 டிகிரி சூடு ஏறியதும் சட்டென்று கண்ணாடி மாதிரி தெளியும். கூழ் வடகம் போட்டுப் பழகிய கைக்கு அந்த நொடி தெரியும், கரண்டி கனக்கும். இறக்கி, எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டில் தோசை மாதிரி பரப்பி நிழலில் இரண்டு நாள் விடுங்கள். ஓரத்தை நகத்தால் கிளப்பினால் முழுசாக உரிந்து வரும். வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரியும். இழுத்தால் கொஞ்சம் நீளும்.

அதில் தண்ணீர் ஊற்றினால் அரை மணியில் வழவழவென்று ஊறிப் பிய்ந்துவிடும். முதல் சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

11 ஜூன் 2023, இரவு

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாவுமணி ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதச் சங்கிலி. நூல் மாதிரி நேராக ஓடுவது அமைலோஸ், முள்மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிவது அமைலோபெக்டின். சூட்டில் மணி ஊதி வெடிக்கும், சங்கிலிகள் தண்ணீரில் அவிழும். காயும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படலமாகும். கிளிசரின் போடாவிட்டால் பின்னல் இறுகி அப்பளம் மாதிரி நொறுங்கும். கிளிசரின் நடுவே புகுந்து சங்கிலிகளை வழுக்கவிடுகிறது, அதனால் வளைகிறது. வினிகர் பூஞ்சை பிடிக்காமல் இருக்க.

13 ஜூன் 2023

வினிகர் பற்றி நான் எழுதியது தப்பு. வேதியியல் படித்த ஒரு அக்கா திருத்தியிருக்கிறார், சரிதான். அந்த அளவுக்குப் பூஞ்சையெல்லாம் நிற்காது. வினிகரின் புளிப்பு, கிளைச் சங்கிலிகளைச் சூட்டில் கொஞ்சம் வெட்டிவிடுகிறது. கிளை குறைந்தால் படலம் ஒரே சீராக வரும். இரண்டு தட்டு போட்டுப் பார்த்தேன். வினிகர் இல்லாத தட்டில் திட்டுத் திட்டாகக் கட்டி, உரிக்கும்போது நடுவில் கிழிந்தது.

18 ஜூன் 2023

"செடியிலிருந்து வந்தது மக்காமல் எங்கே போகும்" என்ற வரிக்கு இன்றைக்கு வருகிறேன். தம்பி, இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. மண்ணில் என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி.

பிரேசிலில் பிராஸ்கெம் கம்பெனி 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலித்தீன் செய்கிறது. மூலப்பொருள் நூற்றுக்கு நூறு கரும்பு. வெளியே வருவது நம் பால் கவர் எதுவோ அதே பாலித்தீன்தான், அணு மாறாமல். அது மக்காது. இன்னொரு பக்கம் பிபிஏடி என்றொரு பாலியெஸ்டர். பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. கடைக்கு வரும் "மக்கும் பை" பெரும்பாலும் ஸ்டார்ச்சையும் (மாவுச் சத்து) இந்தப் பிபிஏடியையும் சேர்த்து ஊதியது. வெறும் ஸ்டார்ச் தண்ணீரில் ஊறுகிறதே, அதைத் தாங்கிப் பிடிக்க இது வேண்டியிருக்கிறது.

மூன்றாவது பிஎல்ஏ. மாவைச் சர்க்கரையாக்கி, சர்க்கரையைப் பாக்டீரியாவிடம் கொடுத்து லாக்டிக் அமிலமாகப் புளிக்கவைத்து, அதைச் சங்கிலியாகக் கோக்கிறார்கள். இட்லி மாவையும் தயிரையும் புளிக்கவைக்கும் அதே அமிலம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மக்காச்சோளத்திலும், தாய்லாந்தில் ரயோங்கில் கரும்பிலும் பெரிய ஆலைகள் ஓடுகின்றன. கண்ணாடி மாதிரி டம்ளர் வரும். அது மக்கும், ஆனால் அதற்கு 58, 60 டிகிரி சூடு வாரக்கணக்கில் நிற்க வேண்டும். நம் தோட்டத்து மண் அந்தச் சூட்டைக் கனவிலும் பார்க்காது.

19 ஜூன் 2023

ஒரு ஏக்கர் கிழங்கில் எத்தனை பை என்று கணக்குப் போட்டேன். ஒரு பை 6 கிராம், அதில் ஸ்டார்ச் நூற்றுக்கு 40 பங்கு என்று வைத்தால் 2.4 கிராம். ஏக்கருக்கு 10 டன் கிழங்கு. 40 லட்சம் பைக்கு மேல் வருகிறது!

19 ஜூன் 2023, மாலை

மேலே உள்ள கணக்கை விட்டுவிடுங்கள். கிழங்கு எடையை அப்படியே மாவு எடையாக எடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பாயிண்ட் எங்கே போச்சு?" என்றார். கிழங்கு விற்கிறவர்களுக்குத் தெரியும், ஆலையில் விலையே மாவுச் சத்துப் பாயிண்டை வைத்துத்தான். டன் கிழங்குக்கு ஆலையில் கைக்கு வருவது 200 கிலோ மாவு என்று குறைத்தே வைப்போம். ஏக்கருக்கு 2 டன் மாவு. 8 லட்சம் பை சொச்சம். அந்தப் பையிலும் மீதி 60 பங்கு அந்தப் பிபிஏடி பாலியெஸ்டர்.

25 ஜூன் 2023

பேசிக்கொண்டே இருப்பதைவிடப் புதைத்துப் பார்த்துவிடலாம் என்று இன்றைக்கு வேலையை ஆரம்பித்தேன். நாலு பொருள்: என் மாவுப் படலம், ஐஎஸ் ஐஎஸ்ஓ 17088 என்ற தர எண்ணும் மக்கும் என்ற சொல்லும் அச்சடித்த கடைப் பை, ஜூஸ் கடையிலிருந்து அடியில் பிஎல்ஏ என்று போட்ட டம்ளர், ஆவின் பால் கவர். ஒவ்வொன்றிலும் இரண்டு. தோண்டும்போது தொலையாமல் இருக்க வெங்காய மூட்டை வலையில் தனித்தனியாகக் கட்டினேன். ஒரு செட் வரப்போரச் செம்மண்ணில் முழம் ஆழத்தில். இன்னொன்று எருக்குழியில், புதுச் சாணத்துக்கு நடுவே. பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து கண்ணாடி வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கிக் குழிக்குள் விட்டேன். 31 டிகிரி.

2 ஜூலை 2023

எருக்குழி 47 டிகிரி. கையை விட்டால் சுடுகிறது. இதற்குமேல் ஏறுமா பார்ப்போம்.

16 ஜூலை 2023

மூன்று வாரம். வரப்போரத்தில் என் படலம் இருந்த வலை காலி. ஓரத்தில் எலிப் பல் பட்ட தடம், எறும்பு வரிசை. மக்கியதா, தின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது, எப்படியும் அது உணவாகிவிட்டது. எருக்குழியில் ஒரு துணுக்கு மட்டும் கிடைத்தது, தொட்டதும் கஞ்சி மாதிரி கரைந்தது. மற்ற மூன்றும் வைத்தது வைத்தபடி.

30 ஜூலை 2023

ஜூன் மாதம் செய்த படலங்களில் நாலைந்தை நாற்றுச் சீட்டு வைக்கும் மேசை டிராயரில் போட்டிருந்தேன். இன்று எடுத்து மடக்கினேன், படக்கென்று உடைந்தது. கிளிசரின் போட்டதுதான். பழைய சோறு ஃபிரிட்ஜில் விறைக்கிறதே, அதே கதை. அவிழ்ந்த மாவுச் சங்கிலிகள் நாளாக நாளாகத் திரும்ப அடுக்கிக்கொள்கின்றன, அடுக்கியதும் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. மழைக்காலத்தில் தொளதொளவென்று, வெயில் காலத்தில் மொறுமொறுவென்று. காய்கறிக் கடைக்காரர் இந்தப் பையை ஆறு மாதம் ஆணியில் தொங்கவிட முடியாது. ஆகவேதான் ஆலைக்காரர்கள் பாலியெஸ்டரைக் கலக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வெறும் மாவோடு நானே மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன்.

27 ஆகஸ்ட் 2023

நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. "சோளத்தில் செய்தது, முழுக்க மக்கும், சூடு தாங்கும்" என்று ஒரு கடையில் 500 டம்ளர் வாங்கி வந்திருந்தார்கள். பானகம் ஊற்றினார்கள், அழகாக நின்றது. அப்புறம் டீ. அம்மாயி கையில் டம்ளர் அப்படியே இடுப்பு ஒடிந்து மடங்கி, டீ புடவை மேல் கொட்டிவிட்டது. நல்ல வேளை கை வெந்துபோகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி உட்காரவைத்தோம்.

பிஎல்ஏ 60 டிகிரி நெருங்கும்போதே தளர்ந்துவிடும். டீ 80க்குக் குறையாமல் வரும். விற்றவருக்கு அது தெரியாதா, தெரிந்தே சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை. போன் செய்து கேட்டேன், "மேலே இருந்து வந்ததை விக்கிறோம்மா" என்றார். கோபம் இன்னும் ஆறவில்லை. வயசானவர் கை அது.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பொருள் தப்பே செய்யவில்லை. எந்தச் சூட்டில் தளர்கிறதோ அந்தச் சூட்டில்தான் நுண்ணுயிரும் அதற்குள் நுழைய வழி கிடைக்கிறது. மண்ணில் கிடக்கும்போது அந்தச் சூடு வருவதில்லை, டீ ஊற்றும்போது வந்துவிடுகிறது.

24 செப்டம்பர் 2023

மூன்று மாதம் முடிந்தது. காலையில் பையனையும் கூட்டிக்கொண்டு தோண்டினோம்.

வரப்போரம்: கடைப் பை முழுசாக இருக்கிறது. கழுவினால் 17088 என்ற எண் படிக்க முடிகிறது. இரண்டு செங்கல் போட்டுத் தூக்கினோம், ஒரு கைப்பிடி கிழிந்தது. டம்ளர் புத்தம் புதுசு. பால் கவரும் அப்படியே.

எருக்குழி: கடைப் பை சல்லடை. வலையைப் பிரித்ததும் உள்ளங்கையில் ஈரக் கருவேப்பிலை மாதிரி கறுத்த துணுக்குகள், விரலில் தேய்த்தால் மாவாகப் போகிறது. டம்ளர் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது, ஓரம் கொஞ்சம் கோணல். மற்றபடி தட்டினால் டக் என்று சத்தம். பால் கவரைப் பையன் கழுவிக் கொடியில் காயப்போட்டான், திரும்ப ஒரு லிட்டர் பால் ஊற்றலாம் போல இருந்தது.

குழிச் சூடு அதிகபட்சம் 52 தொட்டது, அதுவும் நாலு நாள்தான். இப்போது 36.

இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் இமோஜென் நேப்பரும் ரிச்சர்ட் தாம்ப்சனும் இதையே பெரிசாகச் செய்து 2019இல் வெளியிட்டார்கள். மண்ணில், கடலில், திறந்த வெளியில் பைகளை வைத்தார்கள். "மக்கும்" என்று போட்ட ஒரு பை மூன்று வருஷம் மண்ணிலும் கடலிலும் கிடந்தபிறகும் மளிகைச் சாமான் சுமந்தது. உரக்குழிக்கென்று செய்த பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது, பாரம் வைத்ததும் கிழிந்தது. ஒரே பைதான், கிடந்த இடம் வேறு என்பதால் கதையே வேறு ஆகிவிட்டது.

25 செப்டம்பர் 2023

"அப்புறம் 17088 முத்திரை பொய்யா அக்கா?" என்று தம்பி கேட்டிருக்கிறார். பொய் இல்லை. அந்தச் சோதனையே சூடான உரக்குழியை வைத்துத்தான்: 58 டிகிரியை ஒட்டி, ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 90 பங்கு கார்பன் காற்றாகப் போக வேண்டும், 12 வாரத்தில் துண்டு துண்டாக வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இல்லாமல் இங்கே அந்தப் பையை விற்கக் கூடாது, 2016 பிளாஸ்டிக் கழிவு விதியிலேயே இருக்கிறது. முத்திரை சொல்வது "அந்தக் குழியில் மக்கும்" என்பதை. நாம் வாசிப்பது "எங்கேயும் மக்கும்" என்று.

அந்தக் குழி நம் ஊரில் எங்கே இருக்கிறது? நகராட்சி உரக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் கேட்டேன். கையில் குச்சியோடு குப்பையைக் கிளறியபடியே சொன்னார்: "எது மக்கும், எது மக்காதுன்னு நான் எங்கம்மா கண்டேன். கவர்னு தெரிஞ்சா எல்லாத்தையும் பொறுக்கி அந்தப் பக்கம் போட்டுடுவேன்." அந்தப் பக்கம் கிடப்பதெல்லாம் குப்பை மேட்டுக்குப் போகிறது. காசு கூடக் கொடுத்து வாங்கிய மக்கும் பையும் அதோடு சேர்ந்துதான் போகிறது.

8 அக்டோபர் 2023

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2021இல் பப்பாளி நாற்றுக்கு "மக்கும் நாற்றுப் பை" என்று ஒரு கம்பெனியிடம் பதினைந்தாயிரம் பை எடுத்தேன். பையோடு நட்டுவிடலாம், கிழிக்க வேண்டாம் என்றார்கள். வாங்கிப்போன விவசாயிகளிடம் நானும் அதையே சொன்னேன். ஒரு வருஷம் கழித்து மிச்சமிருந்த பைக்கட்டைத் தூக்கினேன், கையிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. சந்தோஷமாக இருந்தது அன்றைக்கு. "பாருங்கள், மக்குகிறது" என்று எல்லோருக்கும் காட்டினேன்.

அந்தச் செதில்கள் இன்னும் என் பண்ணை மண்ணில் கிடக்கின்றன. மழை பெய்து மேல்மண் அலசினால் உதிர்ந்த மல்லிகை இதழ் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரியும். சின்னதாகிறதே தவிர இல்லாமல் போகவில்லை. அது சாதாரணப் பாலித்தீனில் உப்பு மாதிரி ஏதோ உலோகச் சேர்மானம் போட்டு, வெயிலிலும் காற்றிலும் நொறுங்கும்படி செய்தது. ஆக்சோ வகை என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டம் போட்டு 2021 முதல் அதைத் தடுத்தேவிட்டது.

அப்போதிலிருந்து மூன்று சொல்லை நான் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பொடிவது, கரைவது, மக்குவது. பொடிவதென்றால் பொருள் அப்படியே இருக்கும், துண்டு சின்னதாகும். கரைவதென்றால் தண்ணீருக்குள் போய்க் கண்ணுக்கு மறையும், சர்க்கரை கரைந்தாலும் டம்ளரில்தானே இருக்கிறது. மக்குவதென்றால் ஒரு உயிர் அதைத் தின்று மூச்சாக விட்டு, மீதியை மண்ணாக்குவது. விற்கிறவர்கள் மூன்றுக்கும் "மக்கும்" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். சுடுதண்ணீரில் பை கரைந்தது என்ற வீடியோவும் இதில்தான் வரும், தம்பி. பிவிஏ என்ற செயற்கைப் பொருளும் சுடுதண்ணீரில் நன்றாகக் கரையும். கரைந்ததை வைத்து மக்கும் என்று சொல்ல முடியாது.

அந்தப் பப்பாளிக்காரர்களில் எனக்குத் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பதினோரு பேர்.

15 அக்டோபர் 2023

வீட்டில் சோதிக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டவருக்கு: காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு சொட்டு. பையைக் கிழித்து, கிழிந்த ஓரத்தில் விடுங்கள். ஸ்டார்ச் இருந்தால் நீலக்கறுப்பாகும். என் மாவுப் படலம் மை கொட்டினது போல ஆனது. 17088 பையின் ஓரத்தில் நீலக் கோடு. பழைய நாற்றுப் பைச் செதிலில் மருந்தின் பழுப்பு மாறவே இல்லை.

16 அக்டோபர் 2023

நேற்றுச் சொன்னதற்கு ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். நீலம் வந்தால் ஸ்டார்ச் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கூடக் கலந்தது என்ன என்று அயோடின் சொல்லாது. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் பாலித்தீனில் கொஞ்சம் ஸ்டார்ச்சைத் தூவி மக்கும் பை என்று விற்றார்கள். ஸ்டார்ச்சை நுண்ணுயிர் தின்றது, பாலித்தீன் ஓட்டை ஓட்டையாக மிஞ்சியது. அந்தப் பையும் நீலம் காட்டும்.

29 அக்டோபர் 2023

ராமநாதபுரத்து நண்பர் ஒருவர், "கிழங்கை விடுங்கள், பாசிக்கு வாருங்கள்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம். இனிப்பு செய்யக் கடையில் விற்கும் கடற்பாசியை மாவுக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்தேன், என் மாவுப் படலத்தைவிட உறுதியாக, சுருக்கமில்லாமல் உரிந்து வந்தது. தண்ணீரைக் கண்டால் அதுவும் ஊதும். ஆனால் பாக் விரிகுடாவில் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல் படர்ந்து மூடியதை மறக்கக் கூடாது. முழங்கால் தண்ணீரில் குனிந்து பாசி எடுக்கும் பெண்களுக்குப் பாறை செத்தால் நாளைக்குப் பாசியும் இல்லை, மீனும் இல்லை.

5 நவம்பர் 2023

கிழங்கை மட்டும் நம்பி ஆலை போடலாமா என்று யாரோ கேட்டதால் எங்கள் காட்டுக் கதை. 2020இல் கேரளாவில் முதலில் தெரிந்த மரவள்ளி மாவுப்பூச்சி இங்கே வந்தபோது கொழுந்தெல்லாம் சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிட்டது. கணு இடைவெளி குறுகி, செடி இடுப்பளவில் நின்றுபோனது. ஆப்பிரிக்காவில் பெனினிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற குளவியைத் தருவித்து, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். எறும்பைவிடச் சின்னது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் எங்கள் செடி நிமிர்ந்தது. மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரரிடம் நான் சண்டை போட்டது தனிக் கதை.

ஜவ்வரிசி மேல் தம்பிக்கு ஏன் அவ்வளவு சலிப்பு என்று தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரும் வழி அடைபட்டபோது 1940களில் சேலத்துக்காரர்கள் மரவள்ளியில் ஜவ்வரிசி உருட்டிக் காட்டினார்கள். இல்லாத ஒன்றுக்கு ஊரில் கிடப்பதை வைத்து வழி கண்டார்கள். இந்த வருஷம் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. அப்பா களத்தில் கால் வெந்து காயவைத்த பொருள் அது.

12 நவம்பர் 2023

தீபாவளி. அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். "மாவை ஏன் வீணாக்குற, திப்பி இருக்குல்ல" என்றார்.

3 டிசம்பர் 2023

அப்பா சொன்ன வார்த்தை மூன்று வாரமாக மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கிழங்கை அரைத்துப் பாலைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை திப்பி. மாட்டுத் தீவனத்துக்குப் போகும், மீதி ஆலை ஓரத்தில் புளித்து நாறும். பிழிந்ததுதான் என்றாலும் காய்ந்த திப்பியில் பாதிக்குப் பாதி மாவு நிற்கிறது, கூடவே நார். படலத்துக்கு வேண்டிய மாவும் அதைத் தாங்கும் நாரும் ஒன்றாகவே கிடக்கிறது!

ஒரு சாக்கு வாங்கி வந்தேன். கொஞ்சம் மாவுக்கஞ்சி ஊற்றிப் பிசைந்து, கொட்டாங்கச்சிக்குள் அப்பி, நடுவில் எவர்சில்வர் டம்ளரை வைத்து அழுத்தினேன். கிண்ணம் வந்தது. கருப்பட்டி நிறம்.

10 டிசம்பர் 2023

நாற்பது கிண்ணத்திலும் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. ஈரக் காற்றில் காயவே இல்லை. எல்லாம் எருக்குழிக்கு.

7 ஜனவரி 2024

வெயில் வந்துவிட்டது. ஆலைக் களத்திலேயே ஓரமாக இடம் கேட்டு, ஜவ்வரிசி காயும் பக்கத்தில் மூன்று நாள் காயவைத்தேன். நூறு கிண்ணம். தட்டினால் மண் சட்டிச் சத்தம். அறுபதில் முருங்கை விதை ஊன்றியிருக்கிறேன்.

24 ஜனவரி 2024

முளைப்பு நன்றாக வந்தது, ஆனால் இலை மஞ்சள். முதலில் தண்ணீர் அதிகமோ என்று நினைத்தேன். அப்படியில்லை. திப்பியைத் தின்னும் நுண்ணுயிர், மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது, செடிக்கு மிஞ்சவில்லை. மண்புழு உரம் ஒரு கைப்பிடி போட்டேன். ஒரு வாரம் பார்க்கலாம்.

31 ஜனவரி 2024

பச்சை திரும்பிவிட்டது. அடிப்பக்கம் நாலைந்து கிண்ணம் இளகிவிட்டது. ஈரத் தரையில் வைக்காமல் கம்பி வலை மேல் வைத்தவை நிற்கின்றன. ஐந்து வாரத்துக்குமேல் தாங்காது போலிருக்கிறது. பப்பாளிக்கு 45 நாள் வேண்டும், அதற்கு இது ஆகாது. முருங்கைக்கும் காய்கறிக்கும் போதும்.

4 பிப்ரவரி 2024

செப்டம்பரில் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைத்ததைக் கடைசி முறையாகத் தோண்டினேன். ஏழு மாதம். எருக்குழியில் கடைப் பை இல்லை, வலை மட்டும். வரப்போரத்தில் அதே பை மெலிந்து, பாதி கிழிந்து கிடக்கிறது. டம்ளர் இரண்டும் இருக்கின்றன.

தம்பி கேட்ட "ஏன் பை செய்யவில்லை" என்பதற்கு என் பதில் இப்போது தெளிவாக இருக்கிறது. பை மண்ணுக்குப் போகப் பிறந்த பொருளே இல்லை. நூறு தடவை கையில் தொங்க வேண்டியது, அதற்குத் துணிப்பை போதும். 2019 ஜனவரி 1இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபிறகு எங்கள் சந்தையில் பாட்டிகள் திரும்ப மஞ்சப்பை எடுத்துவந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் மண்ணுக்குள்ளேயே போய்த் திரும்பிவராத பொருள் எத்தனை இருக்கின்றன: நாற்றுப் பை, களை வராமல் மண்ணை மூடும் மூடாக்குத் தாள், சமையல் கழிவோடு குழிக்குப் போகும் உறை. தர்பூசணிக் காட்டில் மூடாக்குத் தாளை யாரும் முழுசாகப் பொறுக்கியதே இல்லை, உழவு போட்டால் கலப்பையில் சுற்றிக்கொண்டு வரும். நம் மாவும் திப்பியும் அங்கே போகட்டும்.

11 பிப்ரவரி 2024

முருங்கை நடவு. கிண்ணத்தோடு குழியில் இறக்கினோம், எதையும் கிழிக்கவில்லை.

25 பிப்ரவரி 2024

மனசு கேட்காமல் ஒரு செடியை மட்டும் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிப் பார்த்தேன். கிண்ணம் இருந்த இடத்தில் காபித்தூள் மாதிரி ஒரு வளையம். அதைக் குத்திக்கொண்டு மூன்று வெள்ளை வேர் வெளியே போயிருக்கிறது, ஒன்று என் சுண்டுவிரல் நீளம். மண்ணைத் தள்ளி மூடித் தண்ணீர் விட்டேன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள். ஆலை இன்னும் ஓடுகிறது, களத்தில் வெயிலும் நன்றாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு சாக்குத் திப்பி எடுத்து வைக்கிறேன்.